முள்ளிப்பட்டுத் தீக்குக் காரணம் தேடிய ரோசம்மாள் அம்மையாருக்கு

கனலின் குணமறிந்த கல்விச் செல்வியே! புகையின் நிறம் கண்டே பொருளின் பெயர் புகலும் புலமையே! ஆரணி எரிதல் ஆய்வு நிலையத்தின் அலுப்பறியா ஆர்வமே! இன்று பணி ஓய்வு பெறும் எரிபொருள் ஆய்வாளர் திருமதி ரோசம்மாள் இன்னாசிமுத்து அம்மையீர், வணக்கம்! தயவுசெய்து சாய்ந்து உட்காருங்கள். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடிதான் இதைக் கேட்பீர்கள் என்று தெரிந்தே, அலுவலகக் கண்காணிப்பாளனாகிய இராஜமாணிக்கம், இந்த வேண்டுகோளை முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், இந்நிலையம் வெறும் ஓட்டுக் கொட்டகையாக இருந்த நாளில் வந்தீர்கள். அரிசி ஆலைகளில் உமி எரியும் உலைக்குக் காற்று எவ்வழி வரவேண்டும் என வகுத்தீர்கள். பட்டுக்குச் சாயம் காய்ச்சும் அண்டாக்களின் அடியில் விறகு வீணாகாதிருக்க வழி கண்டீர்கள். ஆனால் அம்மையீர், நீங்கள் உட்கார்ந்து தேநீர் குடித்ததை எங்களில் ஒருவரும் கண்டதில்லை! தம்ளரோடு நடப்பீர்கள், எங்காவது வைப்பீர்கள், பிறகு எங்களைத் தேடச் சொல்வீர்கள். நேற்றுகூட ஒன்று காணவில்லை.

இவை யாவினும் மேலாக, உங்கள் உறக்கத்தைப் பறித்தது முள்ளிப்பட்டுத் தீ. எழுபத்தேழாம் ஆண்டு கோடையில், அவ்வூர்ச் சின்னம்மாளின் வீட்டுத் தறியும் கூரையும் ஒரே மாலையில் எரிந்து சாம்பலாயின. அன்று அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியாக வெளியேறியவர், அங்கே நூல் இழைக்கும் வேலை செய்த செல்லம்மாள். அடுப்பைச் சரியாக அணைக்கவில்லை என்று ஊர் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் எந்த வீட்டிலும் அவரை அடுப்பங்கரையில் விடவில்லை. விசேஷ வீடுகளில், “நீ அப்பால போயி நில்லு” என்றார்கள்.

அவர் உங்களைத் தேடி இங்கு வந்து அழுதார். “தண்ணி ஊத்திதாம்மா அணைச்சேன். சாம்பல கையால தொட்டுப் பாத்துட்டுதான் போனேன். தானா எப்படிங்க எரியும்?” நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. “அந்த வீட்டுல அன்னிக்கு வேற இன்னா இருந்துச்சி?” என்று கேட்டீர்கள். புதுக் கதவுக்கு அன்று ஆளிவிதை எண்ணெய் பூசியதும், துடைத்த கந்தல்களைச் சாக்கில் திணித்துக் கூரையடியில் போட்டதும் அப்போதுதான் தெரியவந்தது.

அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். அச்சூடு வெளியேற வழியின்றிச் சேர்ந்தால், தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். இது ஏட்டில் உள்ள உண்மை. அதை ஆற்று மணலில் கண்முன் காட்ட நீங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! சாக்குக்கு மேல் சாக்கு வைத்தோம். ஒன்றாவது எரிந்ததா? சாக்குகள் சமர்த்தாகக் கிடந்தன; நீங்கள்தான் எங்கள் மேல் எரிந்து விழுந்தீர்கள்.

கடைசியில் அகப்பட்டவர் நம் உதவியாளர் திருமலை. முள்ளிப்பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை அல்லவா? துணி என்று கையில் கிடைத்தால் ஓரம் சேர்த்து மடிக்காமல் விட மாட்டார். எண்ணெய்க் கந்தலையும் மடித்து, நீவி, அடுக்கி வைத்திருக்கிறார் மனிதர்! இடையே காற்றுப் புகாமல் தீ எங்கிருந்து வரும்? “ஏம்பா திருமலை, முகூர்த்தப் புடவையா இது? கசக்கிப் போடுப்பா!” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கரையோரம் மேய்ந்த மாடுகள் மிரண்டன. கசக்கிப் போட்டோம். அன்றே புகைந்து எரிந்தது.

பிறகு முள்ளிப்பட்டாரை அழைத்துவந்து மணலில் உட்கார வைத்தோம். வெயில் ஏறியது, சாக்கு சும்மா கிடந்தது. “இன்னாமா, பேஜாரா கீது. ஜல்தியா எரிய வைங்க” என்றார் ஒருவர். “நான் எரிய வெக்கக் கூடாதுங்க. அதான் விஷயமே” என்றீர்கள். பாதிப்பேர் எழும் நேரத்தில் நாற்றம் வந்தது, புகை வந்தது, எவர் கையும் படாமல் தீ வந்தது. நாங்கள் குழந்தைகளைப் போலக் கைதட்டினோம்.

ஆயினும் அறிக்கையில், ‘இவ்வாறே எரிந்தது’ என்று எழுதுமாறு நாங்கள் சொன்னபோது மறுத்துவிட்டீர்கள். “அன்னிக்கு நான் அங்க இருந்தேனா? இப்படியும் எரிஞ்சிருக்கும்னுதான் எழுதுவேன்.” ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. “அந்தம்மாவே உறுதியா சொல்லலையே” என்றார்கள். செல்லம்மாள் மேல் விழுந்த பழி அப்படியே நின்றது. அந்த ஒரு வரிக்காக உங்கள் மேல் எங்களுக்குக் கோபம், அம்மையீர். இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் அறியாததை அறிந்ததாகச் சொல்லாத ஒருவரிடம் வேலை கற்றோம் என்ற பெருமை அதைவிடப் பெரிது. அன்று முதல் காலை வணக்கத்துக்குப் பதிலாக எங்களிடம் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: “முள்ளிப்பட்டுல இன்னா பேசிகினு இருக்காங்க?”

இனி வருவது, இன்று மதியம் அவசரமாகக் கையால் எழுதிச் சேர்த்தது. இந்த வாழ்த்து மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டட்டும்.

இன்று காலை சின்னம்மாள் மகளுக்குத் திருமணம். “எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?” என்று நீங்கள் வர மறுத்துவிட்டீர்கள். நாங்கள் திருமலையோடு விடியலிலேயே போய்விட்டோம். சமையலுக்கு அடுப்பு வெட்டி, விறகு அடுக்கி, அண்டா ஏற்றியாயிற்று. சின்னம்மாள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற செல்லம்மாளிடம் நேரே போனார்.

“இந்தாக்கா, நீயே பத்த வை.”

“நானா? வேணாம்மா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“பேசட்டும். நானும் ஆத்து மணல்ல உக்காந்து பாத்தவதான். இத்தினி வருசம் வாயத் தொறக்காம இருந்துட்டேன். எம் பொண்ணு கல்யாணம், நீதான் பத்த வெக்கணும்.”

செல்லம்மாள் பற்ற வைத்தார். சுற்றி நின்றவர்கள் அண்டாவில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள்.

அம்மையீர்! உடல் நலிவறியாது, உள்ளம் சோர்வறியாது, கண்ணொளி குன்றாது, நடை தளராது பல்லாண்டு வாழ்க! ஓய்வென்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டு அடுப்புகளையெல்லாம் சோதிக்க வந்தாலும் வருக, திட்டினாலும் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னும் நிறையப் புகழலாம், நேரமில்லை. அந்தக் கல்யாண அடுப்பில் வெந்த சோறு உங்களுக்காக ஒரு தூக்குச்சட்டியில் வந்திருக்கிறது. செல்லம்மாளே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மடல் முடியும்வரை உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நிற்கிறார். முடித்துவிட்டோம். எழுந்து போங்கள் அம்மா, சோறு ஆறிப்போகும்.

உங்கள் சத்தத்துக்குப் பழகிப்போன,
ஆய்வு நிலையப் பணியாளர்கள்,
ஆரணி. சூன் 1984.