கக்கூஸ் கேட்ட கதை

நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. இளையவள் கையில் ஏதோ ஒரு அறக்கட்டளையின் கடிதம் இருந்தது.

"ஏனுங்க்கா, கதை எழுதறதுக்கு எனக்கு ஒரு வருசம் சம்பளம் தர்றாங்களாம்."

"வேலைக்குப் போகாம உக்காந்திருக்கவா? எனக்கும் கேட்டு வாங்கிக் குடு கண்ணு."

"எழுதறதும் வேலைதானுங்க்கா. இதுல ரைட்டருன்னே போட்டிருக்குது."

"ரைட்டரா? அப்ப நம்ம எஸ்டேட் ரைட்டராட்டம் எடையக் குறைச்சு எழுதிப்போடாத."

இருவரும் சிரித்தார்கள்.

"சரி, எதப் பத்தி எழுதி அனுப்புன?"

இளையவள் கொஞ்சம் தயங்கினாள். "பறிக்கற எடத்துல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வேணும்னு நீங்க கேட்டதுக்கு, ஒரு வாரம் உங்கள வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னாங்கல்லீங்க, அதைத்தான்."

பெரியவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"எம்பேரப் போட்டிருக்கறயா?"

"இல்லீங்க்கா. உங்களுக்கு மறுக்காவும் தொந்தரவு வந்துருமோன்னு நொம்ப பயமா இருந்துச்சு. லட்சுமின்னு மாத்திட்டேன்."

"நம்மகூடப் பறிக்கற லட்சுமின்னல்ல நெனைப்பாங்க? கேக்கப் போனப்ப எம்முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னவ அவ. அப்புறம் கக்கூஸக் கட்டி முடிச்சதும் மொதல்ல உள்ள போனவளும் அவதான். பாவாயின்னு எம்பேரையே போடு சாமி."