கேத்தல் திரித்த பால்

"பால் தானா திரியல, கேத்தல்தான் திரிச்சிச்சு."

கஹவத்தை ஸ்டாண்டில் அரை மணி நேரமாக பஸ்ஸை எடுக்கிற பாடில்லை, எனக்கோ வகுப்புக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கச்சியும். அப்படிச் சொன்ன அக்காவின் மடியில், தண்ணீர் கொதிக்க வைக்கிற கரண்ட் கேத்தல் ஒன்று.

"இத மாப்பிள்ளையோட அம்மாகிட்ட போய் சொல்லப் போறியாக்கும்?"

"பின்ன? பொண்ணு பாக்க வந்த எடத்துல டீ திரிஞ்சா அபசகுனம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எம்புள்ள மூணு நாளா சரியா சாப்பிடல."

"கேத்தல்ல என்னாத்த போட்ட?"

"குழாக்கெணத்துத் தண்ணிக்கு உள்ளுக்க வெள்ளையா காரை கட்டிப்போச்சு. எளகட்டும்னு, மீன் கறிக்குப் புளிப்புக்குப் போடுவோமே கொறக்கா, அதப் போட்டு ஊற வச்சிருந்தேன். எம்புள்ள பதட்டத்துல மூடியக்கூட தொறக்காம அந்தத் தண்ணியையே கொதிக்க வச்சு டீ ஊத்திட்டா."

"சரி, கேத்தல ஏன் தூக்கிட்டு வர்ற?"

"அந்த வெள்ளையக் கண்ணால பாத்தா நம்புவாங்கல்ல."

தங்கச்சி மூடியைத் திறந்து பார்த்தார். "எங்க இருக்கு அக்கா வெள்ளை? கொறக்கா எல்லாத்தையும் தின்னுருச்சே. கண்ணாடி மாதிரி மின்னுது."

அக்காவும் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் பஸ் ஒருவழியாக நகர்ந்தது.

"மல்லி, பொட்டக் நவத்தன்ன," என்று கண்டக்டர் தம்பியிடம் சிங்களத்தில் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு அக்கா எழுந்தார். "வாடி, கடையில கொறக்கா வாங்கணும். அவங்க கண்ணு முன்னாலயே டீ ஊத்திக் காட்டுறேன்."

"சம்பந்தம் பேசுற வீட்டுல ரெண்டாந்தடவையும் பாலத் திரிய வைக்கப் போறியா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே தங்கச்சியும் பின்னாலேயே இறங்கினார்.