கென்யா புறப்படும் சாலவாக்கத்து இரும்பு

விழாத் தலைமையை விரும்பி ஏற்ற சுந்தரவல்லி அம்மையார் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே! நெருப்போடு நித்தம் பழகும் என் பட்டறைத் தோழியரே! இடுப்பில் பிள்ளையோடு வந்து இந்த உத்திரமேரூர்த் திடலை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பிரிஸ்கில்லாவின் பணிவான வணக்கம்.

நாற்று நட்ட கைகள் இன்று நம் சாலவாக்கத்துப் பட்டறையில் இரும்பை இணைக்கின்றன. லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் செய்கிறோம். வாங்குவது ஒரே ஒரு லாரி கம்பெனி. அவர்கள் ஆப்பிரிக்காவுக்கு வண்டி அனுப்பியபோது ஆனந்தப்பட்டோம். சென்ற ஆண்டு இடி விழுந்தது! கென்யாவில் நம் பிராக்கெட்டுகள் விரிசல் விட்டன. கம்பெனி அதிகாரி ராமப்ரசாத் நேரில் வந்தார்.

"வெளிநாட்டு வண்டிக்கு இனிமே உங்க சரக்கு வேணாம்மா. அங்கயே வேற ஆளைப் பாத்துக்கறோம்."

அந்த ஆர்டரை நம்பித்தானே இருந்தோம்! பட்டறையை மூடுவதா? முகத்தை மூடி அழுவதா?

"சார், அந்த ரோட்டை ஒரு தடவ எங்க கண்ணால பாக்கணும்" என்றேன். அவர் மறுக்கவில்லை.

நானும் நம் பட்டறையில் வெல்டிங் செய்யும் ஷாரோனும் கென்யா போனோம். மக்காச்சோளம் ஏற்றிய லாரியில், பள்ளமும் பாறையுமான பாதையில் பயணம். பாஷை தெரியுமா என்கிறீர்களா, பின்வரிசைத் தம்பி? ஓட்டுநர் வண்டிக்கு அடியில் விரலை நீட்டினார், புரிந்துவிட்டது!

"யக்கா, வெல்டு கெட்டியா கீது. இந்த மூலைலதான் பொளந்துக்கினு வருது" என்றாள் ஷாரோன்.

ஊர் திரும்பி, கூர்மையான மூலையை வளைத்தோம். சோதனையில் உடைந்தது. ஷாரோன் தரையில் உட்கார்ந்து அழுதாள். மீண்டும் வளைத்தோம், மீண்டும் பற்றவைத்தோம், மீண்டும் சோதனைக்கு அனுப்பினோம். தாங்கியது!

கைதட்டலைச் சற்றே நிறுத்துங்கள். ராமப்ரசாத் மறுபடி வந்தார். "கென்யாவுல பாகங்களச் சேத்து வண்டி பூட்டற தொழிற்சாலை தொறக்கறோம். பக்கத்துலயே நீங்களும் ஒரு பட்டறை போடுவீங்களா?"

போய் நடத்துவது யார்? "நான் போறேன்" என்றாள் ஷாரோன். அவள் கணவர் ஆல்வின் கலங்கிப்போனார்.

"இன்னாத்துக்கு ஷாரோன், அவ்ளோ தூரம் போயி பேஜார்?"

"வேலை நம்மளத் தேடிக்கினு வரும்னு குந்திக்கினு இருந்தா, அது வேற வூட்டுக்குப் போய்டும்யா."

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார் ஆல்வின். பிறகு சொன்னார்: "கொயந்தய நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா."

அன்பர்களே! லாரி கண்டம் தாண்டும்போது அதன் உறுப்பைச் செய்தவர்கள் மட்டும் ஊர் எல்லையில் நிற்பதா? நிற்க மாட்டோம்! அந்த மண்ணின் பெண்களுக்கும் தொழில் சொல்லித் தருவோம், அவர்களிடமும் கற்போம். இங்கே ஒரு வேலையும் குறையாது. நம் உலை ஒருநாளும் அணையாது!

ஷாரோன், எழுந்து நில்லம்மா, ஊர் உன்னைப் பார்க்கட்டும். நாளை விமானம் ஏறும் உனக்கும், உன்னை வழியனுப்பும் ஆல்வினுக்கும், இதுவரை செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி! வணக்கம்!