நல்ல தண்ணீர்க் கிணற்றின் அளவீடு

நீங்கள் தந்த தேநீர் நன்றாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இப்படித்தான். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் ஒரு கிணறு மட்டும் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீராக இருந்தது என்றுதான் இப்போது சொல்ல வேண்டும்.

எனக்குக் கோவையாகப் பேச வராது என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. அதனால் நான் தனியாக நடத்தும் மாலை வகுப்பு முடிந்ததும் அன்றைக்கு நான் விட்ட பிழைகளை டயரியில் எழுதுவேன். சமன்பாட்டைத் தவறாக எழுதியது, ஒரு பிள்ளையின் கேள்விக்குச் சுற்றிவளைத்துப் பதில் சொன்னது, இப்படி. அந்த டயரியை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இந்த விடயம் அதில் இருக்காது. நான் பிழைகளை மட்டும்தான் எழுதுவேன்.

கஜந்தினி என் விஞ்ஞான வகுப்பில் தரம் பத்து மாணவி. பாடசாலை மாணவர்களுக்கான விஞ்ஞானக் கட்டுரைப் போட்டிக்குத் தானாகவே பெயர் கொடுத்தாள். ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை அளந்து பார்த்து எழுத வேண்டும். அவள் கிணற்று நீரில் இருக்கும் நைத்திரேற்றை எடுத்தாள். தோட்டத்துக்குப் போடும் பசளை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கிக் கிணற்றில் சேரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. நான் சோதனைத் தாள்கள் வாங்கிக் கொடுத்தேன். நைத்திரேற்று கூடக் கூடத் தாள் சிவக்கும். பள்ளிக்கூடம் போகுமுன் ஒவ்வொரு கிணறாகத் தோய்த்துப் பார்த்தாள். எங்கும் பயப்படும்படி இல்லை. நல்ல தண்ணீர்க் கிணற்றில் தாளின் நிறமே மாறவில்லை.

வலய மட்டத்தில் நடுவர் ஒருவர் கட்டுரையைப் புரட்டிவிட்டு, “வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை. ஆனா பிரச்சினை எங்கை?” என்று கேட்டார்.

மண்டபத்தில் சிரித்தார்கள். கஜந்தினியும் சிரித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில், “எங்கடை கிணறு நல்ல பிள்ளை மாதிரி இருந்து என்னைக் கவுத்துப்போட்டுது, சேர்,” என்றாள். மூன்றாம் இடம் கிடைத்ததால் மாகாண மட்டத்துக்குப் போகலாம். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பல்கலைக்கழகம் போக வேண்டிய வெட்டுப்புள்ளியில் தவறிய இவனிடம் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும் என்று தாய்மார் கதைப்பது என் காதில் விழுந்திருக்கிறது. நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொள்வேன்.

நடுவர் சொன்னதை நிறைய யோசித்தேன். அவர் சொன்னது சரி. பிரச்சினை இல்லாத இடத்தில் விஞ்ஞானத்துக்கு வேலை இல்லை. ஆனால் இந்தக் கிணற்றுக்கும் ஒருநாள் அது வரத்தான் போகிறது. நான் அதைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

அது பங்குக் கிணறு. பெரிய பங்கு நமசிவாயம் ஐயாவுக்கு. குடிக்க யாரும் அள்ளலாம் என்பது வழக்கம். ஐயாவின் வெங்காயத் தோட்டம் தள்ளி இருக்கிறது, அதற்குத் தனிக் கிணறு. பசளைப் பைகளை மட்டும் இந்தக் கிணற்றடிக் கொட்டிலில் வைத்திருப்பார். அந்தப் பசளை உப்புப்போலக் கரையும், நிறமில்லை, மணமில்லை. அவர் தோட்டத்தில் நின்ற நேரம் பார்த்துக் கிணற்றுக்குள் போட்டேன். தாள் நான் நினைத்த அளவு சிவக்காததால் மறுநாளும் போட்டேன். பட்டப்பகலில்தான். அவ்வழியால் போனவர்கள், “என்ன சேர், ஆராய்ச்சியோ?” என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

அடுத்த காலை கஜந்தினி சைக்கிளில் ஓடிவந்தாள். “சேர், தாள் நல்லாச் சிவந்துபோச்சு. எல்லாருக்கும் சொல்லுவமோ?”

“ஒரு அளவை வைச்சு ஊரைக் கலக்கக் கூடாது, பிள்ளை. இன்னும் கொஞ்ச நாள் அளந்து பார்,” என்றேன். முறைப்படி பார்த்தால் அது நல்ல அறிவுரை.

பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்யாது. வாசித்து உறுதிப்படுத்தியிருந்தேன். கைக்குழந்தைகள் வேறு. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். ஒழுங்கை முடிவில் இருக்கும் பிரசாந்தி அக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது. தாய்ப்பால் போதாததால் பால்மா கரைத்துக் கொடுத்தார். “எங்கடை சவர்த் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கேலுமே, தம்பி? அதுதான் இவ்வளவு தூரம் வாறன்,” என்று தண்ணீர்க் கானை நிரப்பிக்கொண்டே சொன்னார். இது எனக்குத் தெரியாது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது நான்தான்.

சில நாளில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார். “நீர் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள், ஒருக்காப் பாரும். நல்லாக் கொதிக்க வைச்சு, ஆறவைச்சுத்தான் கரைக்கிறன். பிறகும் ஏன் பிள்ளை சோருது?”

உதட்டைப் பார்த்தேன். நாவல் பழம் தின்றதுபோல இருந்தது.

“இன்னும் கொஞ்சம் கூடக் கொதிக்க வையுங்கோ, அக்கா,” என்றேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதைத் தரம் ஒன்பது பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். கட்டுரையும் அப்போது முடிந்திருக்கவில்லை.

குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஓட்டோவுக்குள் இறந்தது.

கட்டுரையின் முதல் வரியை நான் மாற்றிக் கொடுத்தேன். ‘எங்கள் ஒழுங்கையில் ஒரு குழந்தை நீலமானது.’ கஜந்தினி அழுதுகொண்டு எழுதினாள். மாகாண மட்டத்தில் முதலிடம். பிரச்சினை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள்.

கொட்டிலில் பசளைப் பை இருந்ததால் ஊர் நமசிவாயம் ஐயாவைப் பிடித்தது. “கிணத்தடியிலை ஒரு பிடி பசளை சிந்தியிருந்தாலும் என்ரை கை அழுகட்டும்,” என்று அவர் சத்தியம் செய்தார். “உங்கடை கை அப்பிடியே கிடக்குது, ஐயா. பிள்ளைதான் போச்சுது,” என்று ஒருவர் சொன்னார். பிறகு நீங்கள் அவரை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்து இருத்தினீர்கள். இதே கதிரையாக இருக்கலாம்.

நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் கஜந்தினி மட்டும் நின்றாள்.

“ஐயாவை விடச் சொல்லோணும், சேர். ஐயாவின்ரை தோட்டக் கிணத்திலை தாள் சிவக்கவேயில்லை. பசளை போட்ட இடத்தை விட்டுப்போட்டு இங்கை மட்டும் எப்பிடி வந்தது? மழையும் பெய்யேல்லை. ஆரோ கொண்டந்து போட்டிருக்கினம்.”

“ஒண்டிரண்டு அளவு அப்பிடி விலகும். அதை விடு, பிள்ளை.”

“பிடிக்காத அளவைத்தான் திரும்பத் திரும்பப் பாக்கோணும் எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்.” பையைத் தோளில் மாட்டினாள். “எல்லாருக்கும் சொல்லுவம் எண்டு நான் கேட்டனான், சேர். நீங்கள்தான் வேண்டாமெண்டனீங்கள்.”

அதன்பின் அவள் என்னைச் சேர் என்று கூப்பிடவில்லை. சைக்கிளை எடுத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் உங்கள் பக்கம் போனாள்.

நான் தடுக்கவில்லை. பசளையைப் போட்டது நான்தான், ஐயாவை விட்டுவிடுங்கள். நீங்கள் வரும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு கிணறுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும், ஆசிரியர் சொன்னாலும் நம்பாமல் இருக்கவும் ஒரு பிள்ளையைப் பழக்குவது சிறிய வேலையில்லை. டயரியைத் திறந்து மேசையில் வைத்தேன். நீண்ட நேரம் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எழுத ஒரு பிழைகூட இருக்கவில்லை.