கழுத்து வரைக்கும்

— சாவியக் குடுங்க டாக்டரம்மா. நீங்க பண்றது நல்லா இல்ல.

— உட்காருங்கண்ணே. பாட்டில் ரெண்டையும் கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி, மூடிய இறுக்கி, ஃப்ரீசர பூட்டியாச்சு.

— அது சாரோட என்சைம். பத்து வருஷ உழைப்பு.

— என்னோடது மூணு வருஷம். ஆட்டு ஈரல அரைச்சு, குளிர் ரூம்ல சளியோட நின்னு வடிகட்டினேன். கையில நாத்தம் போகாம சோத்த ஸ்பூன்ல தின்னேன். பார்த்தீங்கதானே?

— பார்த்தேன். இல்லங்கல.

— ஒருநாள் காலைல வந்தா பாட்டில் ஆறு துண்டு. "தண்ணி உறைஞ்சா பெருசாகும்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும், உனக்குத் தெரியல, வெளிய போ"ன்னாரு உங்க சார். என்னை வாயத் திறக்க விட்டாரா?

— கோவக்காரரு. ஆனா மனசு தங்கம். என் மகளுக்கு காலேஜ் சீட்டே அவரு வாங்கிக் குடுத்ததுதான்.

— நாளைக்கு ஓய்வு பெறுறாருல்ல? தங்கம் வெறுங்கையோட போகட்டும்.

— மெதுவாப் பேசுங்க, உள்ரூம் கதவு திறந்து கெடக்கு.

— கெடக்கட்டும். புழுக்கமா இருக்கு.

— இப்ப எடுத்து உருக வச்சா சரியாயிடும்ல?

— ஆகாதுண்ணே. என்சைம்ங்கறது புரதம். நீளமான நூல் மடிஞ்சு மடிஞ்சு உருண்டையா இருக்கிற மாதிரி. மடிப்பு இருந்தாத்தான் வேலை செய்யும். அதக் காப்பாத்தத்தான் கிளிசரின் கலக்கறோம். தண்ணி ஊத்தினா அது நீர்த்துப்போகும். உறையறப்ப மடிப்பு கலைஞ்சிரும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகுமா?

— எவ்வளவு நேரம் இருக்கு?

— வச்சு ரெண்டு மணி நேரமாச்சு. எந்த நிமிஷமும் சத்தம் கேட்கும்.

— அவரு மேல தப்பு இல்லம்மா.

— வேற யார் மேல? நான் சிவப்பு மையில கோடு போட்டு, ரெண்டு விரல் இடம் விட்டுத்தான் ஊத்துவேன். அன்னைக்கும் ஊத்தி, ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லி உங்க கையில குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

— கோட்டப் பார்த்தேன்.

— ம்.

— மறுநாள் வெளியூர்லருந்து பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்கன்னு எல்லாத்தையும் துடைச்சு வச்சேன். உங்க பாட்டில் மட்டும் குறையாத் தெரிஞ்சது. லட்சணமா இருக்கட்டும்னு கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்துனது நாந்தான். நான் என்னத்தக் கண்டேன், குளிர்ல எல்லாம் சுருங்கும்னுதான் நினைச்சேன்.

— ஏன் சொல்லல?

— அப்ப நான் தற்காலிக ஆளு. சொன்னா வேலை போயிடும். நீங்க படிச்சவங்க, எங்க போனாலும் பொழைச்சுக்குவீங்கன்னு இருந்துட்டேன்.

— ஏழு வருஷம் எந்த லேப்லயும் என்னைச் சேர்க்கலண்ணே. பாட்டில் உடைச்சவள்னே பேரு.

— கால்ல வேணா விழறேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, அவர விட்டுடுங்க. சாவியக் குடுங்கம்மா.

— இந்தாங்க.

— ஐயோ, வெடிச்சிருச்சு.

— வெடிக்கட்டும், வெறும் குழாத்தண்ணிதான். நிஜ பாட்டில் ரெண்டும் உள்ரூம்ல, உங்க சார் பக்கத்துலயே பத்திரமா இருக்கு. கேட்டுச்சா சார்? வெளிய வாங்க. அன்னைக்கு என்னைப் பேச விடல. இன்னைக்கு நான் பேசறேன், நீங்க நின்னு கேளுங்க.