இருபது தலை

பெரியநாயகி: மூணு புள்ளைங்களா? ஏன் வாத்தியாரே, நான் என்ன கோழிக்குஞ்சா வளக்கிறேன், கூடையில போட்டுக் குடுக்க?

தங்கையா: மெதுவா பேசுங்கக்கா... ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி காதுல விழுந்துடப் போகுது.

பெரியநாயகி: விழட்டும்லா. அம்மாக்காரிங்க விடியக்காலம் அஞ்சு மணிக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடுறப்போ என்னை நம்பி விட்டுட்டுப் போறாளுங்க. திடீர்னு ஒருத்தி வந்து 'ஆயா, எம்புள்ள எங்க'ன்னா, 'வாத்தியாரு இரவல் வாங்கிட்டுப் போயிருக்காரு'ன்னு சொல்லவா?

தங்கையா: ஒரு மணி நேரந்தான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு மலாக்காவுலேருந்து வர்றாரு, பத்து மணிக்கு. அவரு கார்ல ஏறினதும் திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்.

பெரியநாயகி: என் ஆயாக்கொட்டாயில மூத்ததே அஞ்சு வயசுதான். பாதி இன்னும் கால்சட்டையை நனைக்குது. அதுங்களை வச்சு என்ன வாய்ப்பாடு ஒப்பிக்கப் போறீங்க?

தங்கையா: ஒப்பிக்க வேணாம். உக்காந்தாப் போதும். தலை... தலை வேணும்க்கா. இருபது தலை இருந்தா பள்ளிக்கூடம் நடக்கட்டும், ஒண்ணு கொறைஞ்சாலும் பூட்டிடுன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு.

பெரியநாயகி: பூட்டிட்டு?

தங்கையா: காவலுக்குத் துப்பாக்கியோட போலீசு வந்திருக்காங்கல்ல, அவங்களுக்குத் தங்க எடம் வேணுமாம். நம்ம கட்டடத்துல, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துப் பாதி கண்ணுல பட்டிருச்சு. கட்டில்கூட லாரியில வந்து எறங்கியாச்சு.

பெரியநாயகி: அப்ப புள்ளைங்க?

தங்கையா: புலாவ் செபாங் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகணுமாம். நாலு மைல்.

பெரியநாயகி: நாலு மைலா! வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சோதனை போடுறானுங்களே... அம்மாக்காரிங்க ரப்பர் பால் வெட்டிக்கிட்டு நிக்கறப்போ யாரு கூட்டிட்டுப் போவா? ஒருத்தியும் அனுப்ப மாட்டா. பொம்பளப் புள்ளைங்க அத்தனையும் வாளியைத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்குப் போயிடும்.

தங்கையா: அதை நெனச்சுத்தான் ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலை.

பெரியநாயகி: ஆளு எளைச்ச மாதிரி தெரியலையே.

தங்கையா: அக்கா!

பெரியநாயகி: சரி சரி. இப்ப உங்ககிட்ட எத்தனை புள்ளைங்க?

தங்கையா: பதினேழு.

பெரியநாயகி: ரிஜிஸ்தர்ல?

தங்கையா: ...இருபது.

பெரியநாயகி: மூணு கூடவா?

தங்கையா: அந்த மூணும் யாருன்னு உங்களுக்குத் தெரியும்.

பெரியநாயகி: என் தம்பி புள்ளைங்க.

தங்கையா: ஆமாக்கா. சாந்தி, காளிதாஸ், நாகமுத்து.

பெரியநாயகி: போலீஸ் லாரியில ஏத்திக்கிட்டுப் போயி நாலு மாசம் ஆகுது. பேரை அடிக்கலை... சரி, அது உங்க நல்ல மனசு. வரலைன்னுதானே போட்டு வச்சிருக்கீங்க?

தங்கையா: மணியாச்சுக்கா, கெளம்பணும்.

பெரியநாயகி: வாத்தியாரே!

தங்கையா: வந்தாச்சுன்னு போட்டிருக்கேன். தினமும்.

பெரியநாயகி: அட மனுஷா! நாலு மாசமாவா? உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிப் போச்சா? எதுக்குப் போட்டீங்க?

தங்கையா: அதை அப்புறம் பேசிக்கலாம். இப்பத் திட்ட நேரமில்ல, மணி எட்டரை. இன்ஸ்பெக்டரு ரிஜிஸ்தரைக் கையில வச்சுக்கிட்டுப் பேரு கூப்பிடுவாரு. நேத்து வரைக்கும் வந்த புள்ளைங்க இன்னிக்கு எங்கன்னு கேட்டா பள்ளிக்கூடமும் போச்சு, நானும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

பெரியநாயகி: அதனால வேற புள்ளையைத் தூக்கி என் சாந்தி பேருல உக்கார வைக்கணும். அதானே?

தங்கையா: ...அதேதான்.

பெரியநாயகி: மாட்டேன். வேற எது வேணா கேளுங்க. அது மட்டும் என்னால முடியாது. என் தம்பி வீரப்பன் என்ன திருடினானா, கொள்ளையடிச்சானா? பசியாறக் கொண்டு போன ரெண்டு கை சோறு! வேலிக்கு வெளியே சோறு கொண்டு போகக் கூடாதுன்னு புதுசாச் சட்டம் போட்டது அந்த மடையனுக்கு மறந்து போச்சு. பத்து வருஷப் பழக்கம், வாளிக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டான். வேலிக் கேட்டுல பாத்தாங்க. காட்டுல ஒளிஞ்சு வெள்ளைக்காரனோட சண்டை போடறவனுங்களுக்குத்தான் கொண்டு போறான்னுட்டாங்க. பொண்டாட்டி புள்ளைங்களோட சேத்து அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. ஊருக்குக் கப்பல் ஏத்துவாங்களாம். எந்த ஊரு? அந்தப் புள்ளைங்களுக்கு இந்தத் தோட்டத்தை விட்டா எந்த ஊரு வாத்தியாரே தெரியும்?

தங்கையா: அழாதீங்கக்கா.

பெரியநாயகி: யாரு அழுதா? அடுப்புப் புகை.

தங்கையா: அடுப்பு இன்னும் பத்த வைக்கலையே.

பெரியநாயகி: வாத்தியாருன்னா எல்லாத்துலயும் தப்புக் கண்டுபிடிக்கணுமா?

தங்கையா: அக்கா... பள்ளிக்கூடம் இருந்தாத்தானே, அதுங்க திரும்பி வந்தா உக்கார எடம் இருக்கும்?

பெரியநாயகி: கமலவேணியைக் கூட்டிட்டுப் போங்க. அவ ஒருத்திதான் சொன்ன எடத்துல உக்காருவா. அப்புறம் ஜெயமணியோட பயலுங்க ரெண்டு பேரு.

தங்கையா: ஜெயமணி பயலுங்களா? அதுங்க ரெட்டையாச்சே!

பெரியநாயகி: அதனால என்ன?

தங்கையா: ரிஜிஸ்தர்ல காளிதாஸுக்கு ஒம்பது, நாகமுத்துக்கு ஏழு. ரெட்டைப் புள்ளைக்கு ரெண்டு வயசு வித்தியாசமாக்கா?

பெரியநாயகி: ஒருத்தனை முன்னால வைங்க, ஒருத்தனைக் கடேசியில வைங்க. மிச்சத்தைக் கடவுள் பாத்துக்குவாரு. ஏய் கமலவேணி! இங்க வாடி என் கண்ணு.

கமலவேணி: என்னா ஆயா?

பெரியநாயகி: இன்னிக்கு நீ பெரிய பள்ளிக்கூடத்துல போயி உக்காரப் போற. ஒரு ஐயா வந்து பேரு கூப்பிடுவாரு. சாந்தின்னு கூப்பிட்டா நீ எந்திரிச்சு நிக்கணும்.

கமலவேணி: நான் கமலவேணி.

பெரியநாயகி: தெரியும்டி. இன்னிக்கு மட்டும் சாந்தி.

கமலவேணி: நாளைக்கு?

பெரியநாயகி: நாளைக்குக் கமலவேணி.

தங்கையா: இன்னொண்ணுக்கா. வயசுல சந்தேகம் வந்தா, வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்வாரு. விரல் பட்டாத்தான் பள்ளிக்கூட வயசு. எங்க, தொடு பாப்போம்.

கமலவேணி: இந்தா... எட்டலை.

பெரியநாயகி: கொஞ்சம் தலையைச் சாய்டி.

தங்கையா: சாய்க்கக் கூடாதுக்கா. நேரா நிக்கணும்.

கமலவேணி: சாந்திக்கு எட்டுமா?

பெரியநாயகி: எட்டும்டி. அவளுக்கு நல்லா எட்டும்... கூட்டிட்டுப் போங்க வாத்தியாரே, என் கண்ணு முன்னால நிக்காதீங்க.

* * *

பெரியநாயகி: போயிட்டாரா? காரு சத்தம் கேட்டுச்சே! சொல்லுங்க வாத்தியாரே!

தங்கையா: நீங்க எங்கக்கா போனீங்க? தொட்டில் எல்லாம் காலியாக் கெடந்துச்சு.

பெரியநாயகி: சின்னதுங்க கத்திக் காட்டிக் குடுத்துடும்னு எல்லாத்தையும் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயிட்டேன். மாரியம்மன் காலைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். என்னாச்சு? ஒழுங்கா உக்காந்துச்சுங்களா?

தங்கையா: ரெட்டைப் பயலுங்க ஒழுங்காத்தான் இருந்தாங்க. காளிதாஸ்னதும் கடேசியிலேருந்து ஒருத்தன் எந்திரிச்சான். நாகமுத்துன்னதும் முன்னாலேருந்து ஒருத்தன் எந்திரிச்சான். இன்ஸ்பெக்டரு அங்க ஒரு பார்வை, இங்க ஒரு பார்வை. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டாரு. அடுத்த பேருக்குப் போயிட்டாரு.

பெரியநாயகி: அப்பாடா. அப்புறம்?

தங்கையா: அப்புறம் சாந்தின்னாரு.

பெரியநாயகி: அவ எந்திரிச்சாளா?

தங்கையா: நல்லா எந்திரிச்சா. கையைக் கட்டிக்கிட்டு நின்னா. 'உன் பேரு சாந்தியா?'ன்னு கேட்டாரு. 'இல்லீங்கையா, கமலவேணி. இன்னிக்கு மட்டுந்தான் சாந்தி'ன்னா.

பெரியநாயகி: ஐயையோ!

தங்கையா: வாசல்ல கிராணி வேற முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுக்கிட்டிருக்காரு. வெளியே தொரையோட காரு.

பெரியநாயகி: குடியே கெட்டுச்சு... இன்ஸ்பெக்டரு என்ன சொன்னாரு?

தங்கையா: கிட்ட வான்னு கூப்பிட்டாரு. குனிஞ்சு, அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி, 'அப்ப சாந்தி எங்கம்மா?'ன்னாரு.

பெரியநாயகி: ...என்ன சொன்னா?

தங்கையா: 'அவ லாரியில போயிட்டா. வந்ததும் நான் எந்திரிச்சுடுவேன்'ன்னா.

பெரியநாயகி: ஐயோ என் தங்கமே... நான் சொல்லிக் குடுக்கலை வாத்தியாரே. சத்தியமா நான் சொல்லிக் குடுக்கலை.

தங்கையா: தெரியும்க்கா. அந்த மனுஷன் நிமிந்து வாசல்ல நின்ன கிராணியைப் பாத்தாரு. அப்புறம் கிராணிக்குக் கேக்கற மாதிரி சத்தமா, 'எங்க, காதைத் தொடு'ன்னாரு. இவ கையைத் தூக்கிப் போட்டா. உச்சந்தலையைத் தாண்டி நாலு விரக்கடைகூடப் போகலை. எல்லாம் முடிஞ்சுதுன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

பெரியநாயகி: மூடிக்கிட்டா எப்படி! என்ன நடந்துச்சுன்னு யாரு சொல்றது?

தங்கையா: தொறந்து பாத்தேன். இன்ஸ்பெக்டரு அவ தலை மேல கையை வச்சு, ஆசீர்வாதம் பண்ற மாதிரி, மெதுவா விரல் பக்கமாச் சாய்ச்சாரு. விரல் காதுல பட்டுச்சு. 'வயசு சரியா இருக்கு'ன்னாரு. இருபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு.

பெரியநாயகி: போட்டுட்டாரா! நெசமாவா? பள்ளிக்கூடம் நிக்குதா?

தங்கையா: நிக்குதுக்கா. கட்டிலைக் கிராணி திரும்ப லாரியில ஏத்தச் சொல்லிட்டாரு. போய்ப் பாருங்க.

பெரியநாயகி: அந்த மகராசன் நல்லா இருக்கணும். அவரு புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்... உங்களை ஒண்ணுமே கேக்கலையா?

தங்கையா: கார்ல ஏறறப்போ தோள்ல தட்டி, 'அடுத்த வருஷம் வருவேன், அதுக்குள்ள அந்தப் பொண்ணு வளந்திருக்கணும்'ன்னாரு. அப்புறம் ஒண்ணு கேட்டாரு. நீங்க காலையில கேட்டதையேதான்.

பெரியநாயகி: இல்லாத புள்ளைங்களுக்கு எதுக்கு வந்தாச்சுன்னு போட்டீங்கன்னா?

தங்கையா: ம்.

பெரியநாயகி: என்ன சொன்னீங்க?

தங்கையா: பழக்கத்துல போட்டுட்டேன்னு சொன்னேன்.

பெரியநாயகி: பொய்.

தங்கையா: பொய்தான்.

பெரியநாயகி: தலை கொறையக் கூடாதுன்னுதானே?

தங்கையா: தலையைப் பத்தித் தொரை போன வாரந்தானே பேசினாரு? நான் நாலு மாசமாப் போடறேன்.

பெரியநாயகி: அப்ப எதுக்கு?

தங்கையா: விடுங்கக்கா. கொழந்தைங்க பசியா இருக்கும், கஞ்சி வைங்க.

பெரியநாயகி: கஞ்சி கெடக்கட்டும். என் தம்பி புள்ளைங்க பேரு அது. அதுக்காக நீங்க செயிலுக்குப் போகப் பாத்தீங்க. காரணத்தைச் சொல்லாம இந்த எடத்தை விட்டு நகர விட மாட்டேன்.

தங்கையா: சொன்னா, நாளையிலேருந்து நீங்க நிறுத்திடுவீங்க. அதான் பயம்.

பெரியநாயகி: நான் எதை நிறுத்தப் போறேன்?

தங்கையா: லாரி போன மறுநாள் வாய் தவறிச் சாந்தின்னு கூப்பிட்டுட்டேன்க்கா. நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன்... பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கத்துலேருந்து, தொட்டில் ஆட்டற சத்தத்தோட, யாருக்கும் கேக்கக் கூடாதுங்கற மாதிரி ஒரு கொரலு 'உள்ளேன் ஐயா'ன்னுச்சு. காளிதாஸுக்கும் சொல்லுச்சு. நாகமுத்துக்கும் சொல்லுச்சு. நேத்து வரைக்கும் ஒரு நாள் தவறலை. நீங்க பதில் சொன்னப்புறம், வரலைன்னு நான் எப்படிக்கா போடுவேன்?