இறங்காத மூன்று

நோர்வூட் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கெம்பஸ் பிள்ளைகள். ஒருத்தி மடியில் லெப்டொப்.

"நைட்ரேட்டுக்கு NO3-ன்னு போடுற மூணு கீழ எறங்கவே மாட்டேங்குதுடி. கிராப் தலைப்புல எழுத்தோட ஒரே ஒசரத்துல நிக்குது. அதுக்குத்தான் சேர் திருப்பி அனுப்பிட்டாரு."

"சதுர அடைப்புக்குள்ள போடு. ஆ, எறங்கிருச்சு. கிராப்புல ஒரு பார் மட்டும் எல்லாத்தையும் விட ஒசரமா நிக்குதே, அது எந்தத் தண்ணி?"

"எங்க லயத்து வீடுகளுக்குத் தண்ணி வர்ற பீலி. தேயிலை மலைக்குப் போடுற உரமெல்லாம் மழையில அதுலதான் வருது."

"கைப்புள்ளைக்கு ஆகவே ஆகாதே! உங்க அக்கா அதுலதானே பால்மா கரைக்கிறாங்க? சொன்னியா?"

"சொன்னேன். கொதிக்க வச்சுத்தான் குடுக்குறேங்குறா."

"கொதிச்சா இது போகாதேடி."

"போகாது. தண்ணி வத்த வத்த கூடும். அதையும் சொல்லிட்டேன், கேக்கல. நான் பயமுறுத்துனதுலருந்து இன்னும் நேரம் வச்சுக் கொதிக்க விடுறா."